‘ஸ்கேன்ல எல்லாம் நார்மல்... ஆனா வலிக்குதே!’ - நரம்பு வலிக்குப் பெயர் தேடும் 150 ஆண்டுப் போராட்டம்

அடிபட்ட இடம் ஆறிவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வலி மட்டும் போகவில்லை. இப்படிப்பட்ட வலியை மருத்துவ உலகம் எப்படிப் புரிந்துகொண்டது, எப்படி வகை பிரித்தது, அதனால் வலியோடு வாழ்பவர்களுக்கு என்ன பயன்?

‘ரெண்டு பாதமும் மிளகாய் அரைச்ச கை மாதிரி எரியுது.’

‘கரன்ட் ஷாக் அடிக்கிற மாதிரி சுரீர்னு இழுக்குது.’

‘எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. தொட்டா மரத்துப்போயிருக்கு. ஆனா, போர்வை பட்டாலே உயிர் போகுது.’

டாக்டர்களின் அறைகளில் தினம் தினம் கேட்கும் வார்த்தைகள் இவை. கேட்பவர்களுக்கு முன்னுக்குப்பின் முரணாகத் தோன்றும். மரத்துப்போன இடம் எப்படி வலிக்கும்? போர்வை பட்டால் எப்படி உயிர் போகும்? எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ, ரத்தப் பரிசோதனை என்று எல்லாம் எடுத்து, எல்லாம் ‘நார்மல்’ என்று வந்துவிட்டால், வீட்டில் அடுத்து வரும் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: ‘எல்லாம் உன் மனசுலதான் இருக்கு.’

வலியைவிட அதிகம் வலிக்கும் வாக்கியம் அது!

உண்மையில் எரிச்சல், ஷாக், ஊறல், மதமதப்பு என்ற இந்த வார்த்தைகள்தாம் நோயைக் கண்டுபிடிக்க உதவும் முக்கியமான துப்பு. 2005-ம் ஆண்டு பிரான்ஸ் மருத்துவர்கள் உருவாக்கிய ‘டி.என்.4’ என்ற கேள்வித்தாள் இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. அதில் மொத்தம் 10 கேள்விகள். எரிகிறதா, வலியோடு கூடிய குளிர்ச்சி தெரிகிறதா, ஷாக் அடிப்பதுபோல இருக்கிறதா, ஊசி குத்துவதுபோல இருக்கிறதா, மரத்துப்போகிறதா, அரிக்கிறதா, லேசாகத் தடவினால் வலி கூடுகிறதா என்று கேள்விகள் போகும். நான்கு அல்லது அதற்கு மேல் ‘ஆமாம்’ வந்தால், அது நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதாவது, நோயாளி புலம்புவதாக வீட்டார் நினைக்கும் அதே வார்த்தைகளுக்குத்தான் மருத்துவம் மதிப்பெண் போடுகிறது.

மக்கள்தொகையில் 100-க்கு 7 முதல் 10 பேருக்கு நரம்பு வலியின் அறிகுறிகள் இருப்பதாக, பல நாட்டுக் கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இத்தனை பேருக்கு இருக்கும் ஒரு வலிக்குச் சரியான பெயரும் சரியான இடமும் கிடைக்க மருத்துவத்துக்கு 150 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தக் கதை ஒரு போர்க்களத்தில் தொடங்குகிறது.

பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிய சிப்பாய்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர், 1861-ல் தொடங்கி 1865 வரை நடந்தது. துப்பாக்கிக் குண்டுகள் கை கால்களைத் துளைத்து, நரம்புகளைக் கிழித்தன. இப்படிக் காயம்பட்ட சிப்பாய்களுக்காகவே ஃபிலடெல்ஃபியா நகரில் டர்னர்ஸ் லேன் மருத்துவமனை இயங்கியது. அங்கே பணியாற்றியவர் சைலஸ் வேயர் மிட்செல் என்ற நரம்பியல் மருத்துவர்.

அவர் கண்ட காட்சி விநோதமானது. குண்டு பட்ட புண் ஆறிவிட்டது. ஆனால், கையும் காலும் நெருப்பாக எரிந்தன. பக்கத்தில் யாராவது செய்தித்தாளைப் புரட்டினால் அந்தச் சத்தத்துக்கே வலி கூடியது. வார்டில் ஒருவர் நடந்து போனால் அந்த அதிர்வு தாங்கவில்லை. எரிச்சலைத் தணிக்கக் கையில் எப்போதும் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டார்கள். சிலர் பூட்ஸுக்குள்ளேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டு நடந்தார்கள்.

‘கோழைகள், போருக்குத் திரும்பப் பயந்து நடிக்கிறார்கள்’ என்று ஒதுக்கிவிடுவது சுலபமாக இருந்திருக்கும். மிட்செல் அப்படிச் செய்யவில்லை. சக மருத்துவர்கள் மோர்ஹவுஸ், கீன் ஆகியோருடன் சேர்ந்து ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதிவைத்தார். 1864-ல் அது புத்தகமாக வந்தது. இந்த வலிக்குப் பின்னர் ‘காசால்ஜியா’ என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ‘எரியும் வலி’ என்று அர்த்தம். வெட்டி எடுக்கப்பட்ட கை, கால் இன்னும் இருப்பதுபோலத் தோன்றி வலிப்பதை விவரித்து, அதற்கு ‘ஃபேன்டம் லிம்ப்’ என்ற பெயரைப் பரவச் செய்தவரும் இவர்தான்.

மிட்செல் பெயர் வைத்தார். ஆனால், ஏன் இப்படி வலிக்கிறது என்பதற்கு அன்றைய அறிவியலிடம் பதில் இல்லை. காரணம், வலியைப் பற்றி அதுவரை இருந்த புரிதலிலேயே கோளாறு இருந்தது.

காலிங் பெல் கதை

17-ம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த், வலிக்கு ஓர் எளிய படம் வரைந்து காட்டினார். காலில் நெருப்பு படுகிறது. உடனே அங்கிருந்து மூளை வரை செல்லும் ஒரு நூல் இழுபடுகிறது. கயிற்றை இழுத்தால் கோயில் மணி அடிப்பதுபோல மூளையில் வலி அடிக்கிறது. அவ்வளவுதான்.

இதையே இன்றைய வீட்டுக்குப் பொருத்தினால், காலிங் பெல். யாரோ வாசலில் ஸ்விட்சை அழுத்துகிறார்கள், உள்ளே மணி அடிக்கிறது. அழுத்தும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம். அழுத்துவதை நிறுத்தினால் மணியும் நிற்கும். காயத்துக்கு ஏற்ற வலி, காயம் ஆறினால் வலியும் போகும். பல நூறு ஆண்டுகள் மருத்துவம் இப்படித்தான் நம்பியது. இன்றும் வீடுகளில் ‘புண்ணுதான் ஆறிடுச்சே, இன்னும் என்ன வலி?’ என்று கேட்பது இந்த நம்பிக்கையால்தான்.

1965-ல் இந்தப் படம் உடைந்தது. கனடாவைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக், இங்கிலாந்தைச் சேர்ந்த பேட்ரிக் வால் இருவரும் சேர்ந்து ‘கேட் கன்ட்ரோல்’ கோட்பாட்டை வெளியிட்டார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசற்கதவு இருப்பதுபோலக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வலிச் செய்தி அந்தக் கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போக வேண்டும். தொடு உணர்வு நரம்புகளும், மேலே மூளையிலிருந்து வரும் கட்டளைகளும் அந்தக் கதவைத் திறக்கவும் மூடவும் முடியும். முட்டியில் இடித்துக்கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோமே, ஏன் அது இதமாக இருக்கிறது என்பதற்கு முதன்முறையாக அறிவியல் விளக்கம் கிடைத்தது.

அவர்கள் சொன்ன நுணுக்கங்களில் சில பின்னர் திருத்தப்பட்டன. ஆனால், அடிப்படை நிலைத்துவிட்டது. வலி என்பது அப்படியே கடத்தப்படும் செய்தி இல்லை. வழியில் கூட்டப்படுகிறது, குறைக்கப்படுகிறது, சில நேரம் இல்லாத இடத்திலிருந்தே உருவாக்கப்படுகிறது.

நரம்பில் என்னதான் நடக்கிறது?

அதன்பின் வந்த 60 ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் பழுதை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

முதல் பழுது, ஒயரில். நரம்பின் சுவரில் சோடியம் உள்ளே நுழைவதற்குக் குட்டிக் குட்டி வாசல்கள் உண்டு. அவை திறந்தால்தான் நரம்பில் மின்சைகை பாயும். நரம்பு சேதமடையும்போது இந்த வாசல்களின் எண்ணிக்கையும் போக்கும் மாறுகின்றன. யாரும் ஸ்விட்சை அழுத்தாமலேயே, உரிந்துபோன ஒயர் தீப்பொறி கக்குவதுபோல, நரம்பு தானாகவே சிக்னல் அனுப்பத் தொடங்குகிறது. திடீரென்று அடிக்கும் அந்த ‘ஷாக்’ இப்படித்தான் வருகிறது.

இந்த வாசல்கள் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டியவை சில குடும்பங்கள். கை கால்கள் சிவந்து தீயாக எரியும் ‘எரித்ரோமெலால்ஜியா’ என்ற அரிய நோய் உண்டு. 1878-ல் இதற்கும் பெயர் வைத்தவர் அதே வேயர் மிட்செல்தான். அந்த நோய் பரம்பரையாக வரும் குடும்பங்களில் எஸ்.சி.என்.9ஏ என்ற மரபணு மாறியிருப்பதை 2004-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். ‘நேவ் 1.7’ என்ற சோடியம் வாசலை உருவாக்கும் மரபணு அது. அந்த வாசல் மிகச் சுலபமாகத் திறந்துகொள்வதுதான் எரிச்சலுக்குக் காரணம் என்று தெரியவந்தது.

இரண்டே ஆண்டுகளில் இதன் மறுபக்கம் வெளியானது. வட பாகிஸ்தானில் வலி என்றால் என்னவென்றே தெரியாத சில குழந்தைகளை கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தார்கள். அதே மரபணு அவர்களிடம் வேலையே செய்யவில்லை. இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாக இருந்தவன், நெருப்புத் தணலில் நடந்தும், கையில் கத்தியைக் குத்தியும் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவன். 14 வயது நிறைவதற்குள், கூரையிலிருந்து குதித்து அவன் இறந்துபோனான். வலி இல்லாத உடம்பு வரம் இல்லை, ஆபத்து. வலி நம் காவலாளி. பிரச்னை, அந்தக் காவலாளி காரணமில்லாமல் விசில் ஊதிக்கொண்டே இருக்கும்போதுதான்.

இரண்டாவது பழுது, ஆம்ப்ளிஃபையரில். 1983-ல் லண்டனில் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்த கிளிஃபோர்டு வுல்ஃப், காயத்துக்குப் பிறகு தண்டுவடமே மாறிவிடுவதைக் கண்டார். சின்ன சிக்னலைக்கூடத் தண்டுவடம் பெரிதாக்கி மூளைக்கு அனுப்புகிறது. காயம்படாத அக்கம்பக்கத்து இடமும் வலிக்கிறது. தொடுவதே வலியாகிறது. ‘சென்ட்ரல் சென்சிடைசேஷன்’ என்று இதற்குப் பெயர். அடிபட்ட புதிதில் இது எல்லோருக்கும் நடக்கும். காயத்தை ஆட்டாமல் அசைக்காமல் பாதுகாக்க உடம்பு செய்யும் ஏற்பாடு இது. சிலருக்கு மட்டும், ஏற்றிவைத்த வால்யூம் இறங்கவே இறங்காமல் சிக்கிக்கொள்கிறது.

மூன்றாவது பழுது, பிரேக்கில். வலியை அடக்கும் செல்களும் தண்டுவடத்தில் உண்டு. நரம்பு அடிபட்டதும் ‘மைக்ரோகிளியா’ என்ற பாதுகாப்புச் செல்கள் அங்கே விழித்துக்கொள்வதையும், அவை சுரக்கும் ஒரு புரதம் அந்த பிரேக்கைப் பலவீனமாக்குவதையும் 2003-லும் 2005-லும் ஜப்பான், கனடா ஆராய்ச்சியாளர்கள் எலிகளிடம் காட்டினார்கள். நரம்பு வலியில் நரம்பு மட்டும் குற்றவாளி இல்லை, நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் பங்கு உண்டு என்ற வாசல் அப்போது திறந்தது.

மூளையின் பங்கைப் புரியவைத்தவர் நமக்குத் தெரிந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து ஃபேன்டம் வலியை ஆராய்ந்தார். இருக்கும் கையைக் கண்ணாடி முன் நீட்டினால், அதன் பிம்பம் இல்லாத கை இருக்கும் இடத்தில் தெரியும். அதைப் பார்த்தபடி கையை அசைத்தபோது, சிலருக்கு இல்லாத கையின் இறுக்கமும் வலியும் தளர்ந்தன. எல்லோருக்கும் பலன் கிடைக்கும் சிகிச்சை இல்லை அது. ஆனால், கண் பார்ப்பதை வைத்து மூளை வலியை மாற்றிக்கொள்ள முடியும் என்பதை அது கண்முன்னே காட்டியது.

பெயர் வைப்பதில் என்ன சண்டை?

இத்தனை வழிகளில் வலி உருவாகும் என்றால், ‘முதுகு வலி’, ‘கால் வலி’ என்று இடத்தை வைத்து மட்டும் பெயர் சொல்வது போதுமா?

போதாது என்பதற்கு முகத்தில் வரும் ‘ட்ரைஜெமினல் நியூரால்ஜியா’ நல்ல உதாரணம். கன்னத்திலும் தாடையிலும் மின்னல் வெட்டுவதுபோல வலி வரும். முகம் கழுவினாலும், பல் தேய்த்தாலும், காற்று பட்டாலும் தூண்டப்படும். பல் வலி என்று நினைத்து, நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உலகமெங்கும் உண்டு. பல் போகும், வலி போகாது. ஏனெனில், பலருக்கும் பிரச்னை மூளைக்கு அருகே ஒரு ரத்தக்குழாய் ட்ரைஜெமினல் நரம்பின் வேரை அழுத்துவதில் இருக்கிறது. வலிக்கும் இடம் ஒன்று, பழுதான இடம் வேறொன்று.

1998-ல் வுல்ஃப் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் இதையே கோரிக்கையாக வைத்தார்கள். ‘எங்கே வலிக்கிறது, எந்த நோயால் வந்தது என்பதோடு நிறுத்தாமல், எப்படி உருவாகிறது என்பதை வைத்து வலியை வகைப்படுத்த வேண்டும்’ என்பது அதன் சாரம். சொல்வது சுலபம். செய்வது அவ்வளவு சுலபமாக இல்லை.

1973-ல் தொடங்கப்பட்ட சர்வதேச வலி ஆராய்ச்சிச் சங்கம்தான் இந்தப் பெயர் சூட்டும் வேலையைச் செய்துவருகிறது. 1994-ல் அது தந்த விளக்கப்படி, நரம்பு மண்டலத்தின் சேதத்தாலோ ‘செயல்பாட்டுக் கோளாறாலோ’ வருவது ‘நியூரோபதிக்’ வலி. இந்தச் ‘செயல்பாட்டுக் கோளாறு’ என்ற வார்த்தை ரப்பர் மாதிரி இழுபட்டது. எந்த வலியையும் அதற்குள் திணிக்க முடிந்தது.

2008-ல் ஒரு நிபுணர் குழு அந்த வார்த்தையைத் தூக்கிவிட்டது. உணர்வுகளைக் கடத்தும் நரம்பு மண்டலத்தில் சேதமோ நோயோ இருந்தால் மட்டுமே அது நியூரோபதிக் வலி. சங்கமும் இதே பாதையில் தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. கூடவே மூன்று படிகளும் வந்தன. அறிகுறியும் வலி பரவியிருக்கும் இடமும் பொருந்தினால் ‘இருக்கலாம்’. டாக்டர் தொட்டும் குத்தியும் பார்த்து உணர்வு மாற்றத்தை உறுதிசெய்தால் ‘பெரும்பாலும் அதுதான்’. பரிசோதனையில் நரம்புப் பாதிப்பே தெரிந்துவிட்டால் ‘நிச்சயம்’.

விளக்கம் தெளிவானது. ஆனால், ஒரு பெருங்கூட்டம் வெளியே நின்றது!

வீடில்லாமல் நின்றவர்கள்

உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளுக்குத் திசுக்களில் காயம் இல்லை. உறுதியான நரம்புச் சேதமும் இல்லை. ஆக, காயத்தால் வரும் ‘நோசிசெப்டிவ்’ வலியிலும் சேரவில்லை, நியூரோபதிக் வலியிலும் சேரவில்லை. நரம்பு நேரடியாக அடிபடாமலேயே, எலும்பு முறிவுக்குப் பிறகு கையோ காலோ வீங்கி, நிறம் மாறி, எரியும் ‘சி.ஆர்.பி.எஸ்’ முதல் வகைக்கும் இதே நிலை. மிட்செல் பார்த்த காசால்ஜியாவுக்கு, 1990-களில் இதே சி.ஆர்.பி.எஸ்-ஸின் இரண்டாம் வகை என்று பெயர் மாறியது. அதற்குத் தெளிவான நரம்புக் காயம் உண்டு என்பதால் வீடு கிடைத்தது. முதல் வகைக்குக் கிடைக்கவில்லை.

வகை இல்லையென்றால் என்ன நடக்கும்? ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்று நடக்கும்.

இவர்களுக்காக 2016-ல் மூன்றாவது ஒரு பெயர் முன்மொழியப்பட்டது. ‘நோசிபிளாஸ்டிக்’ வலி. திசுவில் காயத்துக்கும், நரம்பில் சேதத்துக்கும் தெளிவான ஆதாரம் இல்லாமல், வலியை உணரும் அமைப்பே மாறிப்போவதால் வருவது. 2017-ல் சர்வதேசச் சங்கம் இதை ஏற்றுக்கொண்டது. காலிங் பெல் கணக்கில் சொன்னால், யாரோ ஸ்விட்சை அழுத்துவது முதல் வகை. ஒயர் உரிந்துபோனது இரண்டாம் வகை. ஸ்விட்சும் ஒயரும் சரியாக இருந்தும், மணியின் அமைப்பு தாறுமாறாக ஒலிப்பது மூன்றாம் வகை. ஒரே ஆளுக்கு இரண்டும் மூன்றும் கலந்தும் இருக்கலாம். டிஸ்க் விலகிய முதுகு வலியில் இது சகஜம்.

எதிர்ப்பும் இருக்கிறது. ‘காரணம் தெரியாததை எல்லாம் போட்டுவைக்கும் பெட்டியாக இது ஆகிவிடும்’ என்பது விமர்சகர்களின் பயம். அந்தப் பயத்துக்கு அர்த்தம் உண்டு என்பதை 2021-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடிகளைப் பிரித்து, பிரிட்டன், ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளின் வலியுணர்வு கூடியது! ஆரோக்கியமானவர்களின் ஆன்டிபாடிகளுக்கு அப்படி நடக்கவில்லை. மனிதர்களிடம் இது முழுதாக நிரூபணமாகவில்லை. ஆனாலும், ‘எல்லாம் மனசுல’ என்று தள்ளிவைத்த ஒரு நோய்க்கு ரத்தத்திலேயே தடயம் இருக்கலாம் என்பது சிறிய செய்தி இல்லை. இன்றைய பெட்டிகள் கடைசிப் பெட்டிகள் இல்லை.

ஒரு கோட் நம்பரின் மதிப்பு

2019 மே மாதம், உலக சுகாதார மாநாடு நோய்களின் சர்வதேசப் பட்டியலான ஐ.சி.டி-யின் 11-வது பதிப்பை ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் வலிக்கு அதில் முதன்முறையாக முறையான தனிக் குடும்பம் கிடைத்தது. அதில் ஏழு பிரிவுகள். ‘நாள்பட்ட நியூரோபதிக் வலி’ அவற்றில் ஒன்று. வேறு நோயின் பகுதியாக இல்லாமல், வலியே நோயாக இருப்பதற்கு ‘நாள்பட்ட முதன்மை வலி’ என்ற பிரிவும் உண்டு. ஃபைப்ரோமயால்ஜியாவும் சி.ஆர்.பி.எஸ்-ஸும் அங்கே இடம்பெற்றன.

வெறும் கோட் நம்பர்தானே என்று தோன்றலாம். ஆனால், எந்த நாட்டில் எத்தனை பேருக்கு இந்த வலி என்ற கணக்கும், இன்ஷூரன்ஸ் விண்ணப்பமும், ஆராய்ச்சிக்கான நிதியும் இந்த எண்களை வைத்தே நகர்கின்றன. பட்டியலில் இல்லாத நோய்க்குக் கணக்கும் இல்லை, காசும் இல்லை.

அடுத்த ஆண்டே இன்னொரு மாற்றம் வந்தது. 1979 முதல் இருந்த ‘வலி’ என்பதற்கான விளக்கத்தை, சர்வதேசச் சங்கம் 2020-ல் திருத்தியது. அதோடு இணைத்த குறிப்புகளில் ஒன்றின் சாரம் இது: ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால், அதை மதிக்க வேண்டும். டர்னர்ஸ் லேனில் மிட்செல் செய்ததை மருத்துவ உலகம் எழுத்தில் கொண்டுவர ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

தப்பான பெயர், தப்பான மாத்திரை

வகை பிரிப்பது படிப்பாளிகளின் விளையாட்டு இல்லை. மாத்திரை வேலை செய்யுமா, செய்யாதா என்பது அதில்தான் இருக்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாக வாங்கிப்போடும் வலி மாத்திரைகள் காயத்தின் வீக்கத்தையும் அதனால் வரும் வலியையும் குறைப்பவை. ஒயரில் உள்ள பழுதை அவை தொடுவதில்லை. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்தான் மிச்சம். நரம்பு வலிக்கு முதலில் பரிந்துரைக்கப்படுபவை வேறு ரகம். மனச்சோர்வுக்கு வந்த அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின். வலிப்பு நோய்க்கு வந்த கபாபென்டின், அதன் உறவான ப்ரீகாபலின். ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவுக்கு கார்பமஸெபைன்.

இங்கேதான் பல வீடுகளில் கலாட்டா. மாத்திரை அட்டையின் பெயரை கூகுளில் தேடிப் பார்க்கும் மகனோ மருமகளோ, ‘இது டிப்ரஷன் மாத்திரை ஆச்சே! அம்மாவுக்கு எதுக்கு?’ என்று நிறுத்திவிடுவார்கள். இந்த மருந்துகள் மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவரும் வலி அடக்கும் பிரேக்கை வலுப்படுத்துகின்றன. கபாபென்டின் வகை, வலிச் சிக்னலைக் கைமாற்றும் கால்சியம் வாசலின் ஒரு பகுதியில் ஒட்டிக்கொண்டு சத்தத்தைக் குறைக்கிறது. மனநோய் என்று முத்திரை குத்துவதற்காகக் கொடுப்பவை இல்லை இவை. திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

அதேசமயம், இவை எல்லோருக்கும் பலன் தருவதும் இல்லை. 2015-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, போலி மாத்திரையால் கிடைக்கும் பலனைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அமிட்ரிப்டிலின் வகையை ஏறக்குறைய 4 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கணிசமான நிவாரணம். ப்ரீகாபலினுக்கு ஏறக்குறைய 8 பேரில் ஒருவர்.

ஏன் இவ்வளவு குறைவு? ‘சர்க்கரை நோயால் வந்த நரம்பு வலி’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும், உள்ளே பழுது ஆளுக்கு ஆள் வேறு என்பது ஒரு முக்கியமான பதில். ஜெர்மனியின் நரம்பு வலி ஆராய்ச்சிக் கூட்டமைப்பு, சூடு, குளிர்ச்சி, குத்தல், அழுத்தம், அதிர்வு என்று 13 அளவீடுகளைக் கொண்ட ஒரு தோல் பரிசோதனையை உருவாக்கியது. ஐரோப்பாவில் 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் அளவீடுகளை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில் மூன்று குழுக்கள் தெரிந்தன. உணர்வு பெரிதும் இழந்தவர்கள், சூடு குளிர்ச்சிக்கு அதிகமாகத் துடிப்பவர்கள், தொடுதலுக்கும் குத்தலுக்கும் அதிகமாகத் துடிப்பவர்கள். சர்க்கரை நோய், அக்கி, விபத்து என எந்தக் காரணத்தால் வந்தாலும் இந்த மூன்று குழுக்களிலும் ஆட்கள் இருந்தார்கள்.

டென்மார்க்கில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வு இதை மருந்தோடு இணைத்தது. சோடியம் வாசலை அடைக்கும் ஆக்ஸ்கார்பஸெபைனைக் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பு உயிரோடு இருந்து எரிச்சலடைந்த குழுவில் சுமார் 4 பேருக்கு ஒருவர் பலன் பெற்றார். நரம்பு செத்து உணர்விழந்த குழுவில் 13 பேருக்கு ஒருவர்தான். நோயின் பெயர் ஒன்று, மருந்தும் ஒன்று. பழுது வேறு என்பதால் பலனும் வேறு. சிறிய ஆய்வுதான். ஆனால், ‘இந்த மாத்திரையைப் போட்டுப் பார்ப்போம், கேட்கலைன்னா அடுத்தது’ என்ற இன்றைய நிலை மாறக்கூடும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறது.

புதிய மருந்துகளும் இந்த வழியில்தான் வருகின்றன. மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு வாசலை 1997-ல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. மிளகாயின் காரச்சத்தை 8 சதவிகிதம் கொண்ட பட்டி, அக்கிக்குப் பிந்தைய வலிக்கு 2009 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. தோலில் ஒட்டினால், அந்த இடத்து நரம்பு முனைகள் சில மாதங்களுக்கு ஓய்ந்துபோகின்றன. வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசும் விஷயமில்லை இது, மருத்துவமனையில் செய்ய வேண்டியது. ‘நேவ் 1.8’ என்ற சோடியம் வாசலை மட்டும் அடைக்கும் சுஸெட்ரிஜின் மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனால் அது தற்காலிகமான, திடீர் வலிக்கு மட்டும்தான். நாள்பட்ட நரம்பு வலிக்கான அனுமதி அதில் இல்லை.

நம் வீடுகளில்...

இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வு கணக்கிட்டது. நரம்பு பாதிப்புக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அது. சர்க்கரைக்காக நீண்டகாலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைபாடும் பாதத்தில் எரிச்சலையும் மதமதப்பையும் தரும். இது ரத்தப் பரிசோதனையில் தெரியும், சரிசெய்யவும் முடியும்.

இன்னொன்று அக்கி. அம்மை போட்ட வைரஸ் பல ஆண்டுகள் நரம்பு முடிச்சுக்குள் உறங்கி, பின்னர் விழித்துக்கொள்வதால் வருவது. நம் ஊர்களில் காவி பூசி ‘அக்கி எழுதுவது’ வழக்கம். எழுதிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டால் ஒரு முக்கியமான நேரம் கைவிட்டுப் போகிறது. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸுக்கு எதிரான மாத்திரையைத் தொடங்குவது நல்லது. குறிப்பாக 50 வயதைத் தாண்டியவர்களுக்கும், கண்ணருகே வந்தவர்களுக்கும் இது அவசரம். கொப்புளம் காய்ந்து மூன்று மாதங்கள் கடந்தும் எரிந்தால், அது புண்ணின் வலி இல்லை, நரம்பின் வலி. அக்கியைத் தடுக்கும் ஊசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது.

டாக்டரைப் பார்க்கும் முன் குறித்துக்கொள்ளுங்கள்!

* வலி எப்படி இருக்கிறது என்பதை உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள். ‘வலிக்குது’ என்பதைவிட ‘எரியுது’, ‘ஷாக் அடிக்குது’, ‘ஊசி குத்துது’, ‘மதமதன்னு இருக்கு’ என்பவை டாக்டருக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

* எங்கே தொடங்கி எதுவரை போகிறது என்று ஒரு பேப்பரில் உடம்புப் படம் வரைந்து நிழலிடுங்கள்.

* துணி, காற்று, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூடுகிறதா? இரவில் கூடுகிறதா? தூக்கம் கெடுகிறதா? எழுதிவையுங்கள்.

* எத்தனை மாதங்களாக இருக்கிறது? அதற்கு முன் அடி, ஆபரேஷன், அக்கி, புதிய மாத்திரை ஏதாவது உண்டா?

* இதுவரை சாப்பிட்ட வலி மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

* கை, கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

* ‘இது எந்த வகை வலி, டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் சரியான மாத்திரை தொடங்குகிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சாதாரண ஸ்கேன் படம்பிடிப்பது உறுப்பின் வடிவத்தை. நரம்புக்குள் ஓடும் மின்சாரம் அதில் தெரியாது. அதனால், ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருந்தால், வலி இல்லை என்று அர்த்தமாகாது. அடுத்த முறை அப்பாவோ, அம்மாவோ, மனைவியோ ‘எரியுது’ என்று சொன்னால், ‘எல்லாம் மனசுல’ என்பதற்குப் பதிலாக ‘எங்கே, எப்படி எரியுது?’ என்று கேட்டுப் பாருங்கள்.